அரண்மனையின் பெண்கள்: 'கோர்ட்டிசான்' என்ற சொல் கொச்சிக்குப் பொருந்துமா?

1. கேள்வி

கேரளத்து இடைக்கால மணிப்பிரவாள இலக்கியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் பலரும் கைக்கொள்ளும் சொல் 'கோர்ட்டிசான்'. உண்ணியச்சி, உண்ணிச்சிருதேவி, உண்ணியாடி, மேதினிவெண்ணிலாவு ஆகிய காவியத் தலைவியர் நால்வரையும் அந்த ஒரு சொல்லே சுட்டுகிறது. கோயில் பணியில் இருந்த பெண், அரசரோடு 'சம்பந்தம்' எனப்படும் முறைப்படியான உறவு கொண்ட நாயர் பெண், மோகினியாட்டம் ஆடியவர் ஆகியோருக்கும் சில நேரம் அதே பெயர்தான். தமிழாக்கம் செய்வோர் இதற்குக் கணிகை, தாசி, பொதுமகள் என்று வாய்த்த சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். தனித்தனி உரிமையும் கடமையும் வாழ்வாதாரமும் கொண்டிருந்த பெண்கள் இப்படி ஒரே வகையாகிவிடுகிறார்கள்.

இந்தச் சொல்லின் பிறப்பையும் அது பொருள் மாறிய விதத்தையும் அறிந்த பிறகு, கொச்சி அரசின் பெண்களைக் குறிக்க அதைப் பயன்படுத்துவது தகுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தகாது என்பது என் முடிபு. மனைவி, மனைவியல்லாதவள் என்று பெண்களை இரண்டாகப் பிரிக்கும் சமூகத்தில் பிறந்த சொல் அது. அந்தக் கோடு வேறெங்கோ ஓடிய தாய்வழிச் சமூகத்தின்மீது அதை ஏற்றும்போது, எதை நாம் நிறுவ வேண்டுமோ அதைச் சொல்லே முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறது.

2. சொல் பிறந்த இடம்

'கோர்ட்டிசான்' 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இத்தாலிய மொழியின் 'கொர்த்திஜானா' பிரெஞ்சு வழியாக அங்கே சென்று சேர்ந்தது. வேர்ச்சொல் 'கொர்த்தே', அதாவது அரசவை. அதற்கும் மூலமான லத்தீனச் சொல் வேலி சூழ்ந்த முற்றத்தைக் குறித்தது. ஆக, சொல்லளவில் இதன் பொருள் அவையைச் சேர்ந்த பெண் என்பது மட்டுமே. ஆண்பால் வடிவமான 'கொர்த்திஜானோ' அவையோனைக் குறித்தது. கல்வியும் வீரமும் நயமும் வாய்ந்தவன் என்ற மதிப்பையும் அது ஏந்தி நின்றது.

பெண்பால் வடிவம் சரிந்தது ரோம் நகரில் என்பர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த பெரிய அவை போப்பாண்டவருடையது. மணம் செய்யாத குருமாரும் அவர்களைச் சுற்றி வாழ்ந்த எழுத்தரும் தூதருமாக நிறைந்திருந்த அந்த அவையில் மனைவியருக்கு இடமில்லை. விருந்திலும் இசையிலும் உரையாடலிலும் உடனிருந்த பெண்களுக்கு அவையின் பெயரே பெயராயிற்று. மிக விரைவில் அது பொருள் பெற்றுப் பழகும் பெண்ணின் பெயராக இறுகியது. பல்தசாரே காஸ்திலியோனே 1528இல் வெளியிட்ட அவையோன் பற்றிய புகழ்பெற்ற நூல் இதற்கு நல்ல சான்று. அதன் மூன்றாம் பகுதி அவையில் வாழும் பெண்ணின் குணநலன்களைப் பேசுகிறது. தன் நூலின் தலைப்புச் சொல்லுக்கு நேரான பெண்பால் வடிவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், காஸ்திலியோனே 'அரண்மனைப் பெண்' என்ற தொடரையே ஆள்கிறார். கௌரவமான பெண்ணைக் குறிக்க அந்தச் சொல் அப்போதே உதவாமல் போயிருந்தது. வெனிஸ் நகரக் கவி வெரோனிகா ஃபிராங்கோ (1546–1591) 1575இல் தம் கவிதை நூலை வெளியிட்டார். 1580இல் சமய விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். கல்வியைப் போற்றிய அதே நகரம்தான் அந்தக் கல்வியை உடைய பெண்ணைக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றியது.

இதில் இரண்டு செய்திகள் நமக்கு வேண்டியவை. தொடக்கத்தில் அந்தச் சொல் ஓர் இடத்தையும் அதனோடு கொண்ட உறவையும் சுட்டியது. பெண்ணின் உடலையோ ஒழுக்கத்தையோ சுட்டவில்லை. அடுத்து, இறங்கியது பெண்பால் வடிவம் மட்டும்தான். ஆண்பால் தன் மதிப்போடு நின்றது.

3. நம் சொற்களின் சாட்சி

இத்தாலிக்கு மட்டும் உரிய கதை அல்ல இது. கிரேக்கத்தின் 'ஹெதைரா' தோழி என்று பொருள்படும். அதன் ஆண்பால் வடிவம் அலெக்சாந்தரின் குதிரைப்படை வீரர்களுக்குப் பெருமைப் பெயராக இருந்தது. வட இந்தியாவின் 'தவாயிஃப்' குழு என்ற அரபுச் சொல்லின் பன்மை. வடமொழிக் 'கணிகா' கணம், அதாவது கூட்டம், என்ற சொல்லடியாகப் பிறந்தது. 'வேசியா' குடியிருப்பைக் குறிக்கும் 'வேச'த்திலிருந்து வந்தது. அவை, தோழமை, குழு, குடியிருப்பு என்று எல்லாமே சமூக உறவின் பெயர்களாகத் தொடங்கி இழிசொற்களாக முடிந்திருக்கின்றன.

தமிழில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 'தேவரடியார்'. ஆணுக்கு வழங்கும்போது 'அடியார்' இன்றுவரை வணக்கத்துக்குரிய சொல். அறுபத்து மூவரும் அடியார்களே. அதே வேரில் பிறந்த பெண்பால் வடிவமோ தமிழ்த் தெருக்களில் வசையாகிவிட்டது. மலையாளத்தில் 'தேவிடிச்சி'க்கும் இதே கதிதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இப்பெண்களைப் பதிவு செய்திருக்கும் முறையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 400 தளிச்சேரிப் பெண்டுகளை அது ஒவ்வொருவராகப் பட்டியலிடுகிறது. எந்தத் தெருவின் எந்தச் சிறகு, அதில் எத்தனையாவது வீடு, 'நக்கன்' என்ற முன்னொட்டோடு அந்தப் பெண்ணின் பெயர், முன்பு அவர் இருந்த கோயில், அதன் ஊர் என்று வரிசையாகச் செல்கிறது பதிவு. ஒருவருக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்கு. அவர் இறந்தால் தகுதியுள்ள நெருங்கிய உறவினர் பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும். தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். பெயரும் முகவரியும் வருவாயும் வாரிசு விதியும் உள்ள பதவி அது. சோழர் காலக் கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்த லெஸ்லி ஓர், 2000இல் வெளியான தம் நூலில், கோயில் பெண்களைப் பிற்காலத் தேவதாசி பிம்பத்தின் வழியே பார்ப்பது தவறு என்று நிறுவினார். கொடையாளராகவும் உரிமை பெற்றவராகவும் அவர்கள் கல்வெட்டுகளில் நிற்கிறார்கள்.

சேர நாட்டுக்கும் இதில் பங்குண்டு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சோக்கூர்க் கல்வெட்டைக் கேரளத் தேவதாசி முறைக்கான மிகப் பழைய சான்றாக வரலாற்றாசிரியர்கள் காட்டுகிறார்கள். குலசேகராழ்வார் தம் மகளைத் திருவரங்கத்துப் பெருமானுக்கு அளித்தார் என்ற மரபும் இருக்கிறது. சேரகுலவல்லி நாச்சியார் என்று அவர் இன்றும் அங்கே வணங்கப்படுகிறார். நடந்ததா இல்லையா என்பது வேறு. அரசன் மகளைக் கோயிலுக்கு அளித்ததைப் பெருமையாகச் சொல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அந்த மரபே சான்று. சேர இளவலின் படைப்பாகச் சொல்லப்படும் சிலப்பதிகாரத்திலும் மாதவி 'நாடகக் கணிகை'தான். ஆனால் காப்பியம் முதலில் நம் முன் வைப்பது அவளது பயிற்சியையும், அரங்கேற்றத்தையும், அரசன் அளித்த தலைக்கோல் பட்டத்தையும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறும் மாலையையும்தான்.

4. மட்டாஞ்சேரி: அரசனின் மனைவி வாழாத அரண்மனை

1500ஆம் ஆண்டின் இறுதியில் போர்த்துகீசியத் தளபதி கப்ராலின் கப்பல்கள் கொச்சிக்கு வந்தன. 1503இல் கோட்டை எழுந்தது. 1530இல் கோவா தலைமையிடம் ஆகும்வரை போர்த்துகீசியரின் இந்திய ஆட்சிக்குக் கொச்சியே மையம். மட்டாஞ்சேரி அரண்மனையையும் போர்த்துகீசியரே 1555 வாக்கில் கட்டி அரசருக்கு அளித்தார்கள்; 1663இல் டச்சுக்காரர்கள் அதைச் செப்பனிட்டதால் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் நிலைத்தது. 'அவைப் பெண்' என்ற சொல் ஐரோப்பாவில் இறங்குமுகமாக இருந்த அதே பத்தாண்டுகளில்தான் ஐரோப்பியக் கண்கள் கொச்சி அரசவையைப் பார்த்து எழுதத் தொடங்கின.

அவர்கள் பார்த்த அவையின் அமைப்பு அவர்களுக்குப் புதிது. பெரும்படப்பு சுவரூபம் என்னும் கொச்சி அரச குடும்பத்தில் வாரிசுரிமை தாய்வழி. அரசருக்குப் பின் ஆள வருபவர் அவருடைய தம்பியோ சகோதரியின் மகனோ. சொந்த மகனுக்கு அரியணையில் உரிமை இல்லை. ஆகையால் அரசகுலப் பெண் என்றால் அரசரின் தாய், சகோதரி, சகோதரியின் மகள் ஆகியோர்தான். அரசர் சம்பந்தம் செய்துகொண்ட நாயர் பெண்ணுக்கு 'நேத்தியாரம்மா' என்று பட்டம். அவர் ராணி அல்லர், அவர் பிள்ளைகள் தாயின் தறவாட்டை, அதாவது தாய்வழிக் குடும்பத்தை, சேர்ந்தவர்கள். 1662இல் டச்சுப் படை மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாக்கியபோது சிறைப்பட்ட ராணி கங்காதர லட்சுமி, யாரோ ஓர் அரசரின் மனைவி என்ற தகுதியால் ராணி ஆனவர் அல்லர். தம் தாய்வழி உரிமையால் ஆண்டவர்.

அரண்மனையின் கீழ்த்தளத்துப் பெண்கள் அறைச் சுவரோவியங்களில் கண்ணனும் கோபியரும் இருக்கிறார்கள். மோகினி வடிவில் திருமாலும் அவரோடு சிவனும் இருக்கிறார்கள். ஓவியங்களின் சிருங்காரத்தைக் கண்டு அந்த இடத்தை அரசனின் இன்பத்துக்கென அமைந்த அந்தப்புரமாக எண்ணிக்கொள்வது எளிது. ஆனால் தாய்வழி அரண்மனையில் பெண்கள் பகுதி என்பது அரசரின் தாயும் சகோதரிகளும் புழங்கிய வீடு. அவர்களே அதன் உரிமையுள்ள குடியினர். 'அரண்மனைப் பெண்' என்ற சொல்லை எழுத்துப்படி கொண்டால் கொச்சியில் அது இவர்களையே குறிக்க வேண்டும். மரபுப்படி கொண்டாலோ அது அரண்மனைக்கு வெளியே தம் வீட்டில் வாழ்ந்த பெண்களைக் குறிக்கும். பொருத்தமின்மை இங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது.

கண்ணூரில் போர்த்துகீசிய வணிகநிலைய எழுத்தராக இருந்த துவார்த்தே பார்போசா 1516 வாக்கில் முடித்த நூலில், மலபார் அரசர்கள் மணம் செய்துகொள்வதில்லை, உயர்குடி நாயர் பெண்ணை உடன் வைத்துக்கொள்கிறார்கள் என்ற கருத்தில் எழுதுகிறார். உள்ளூர் மொழி அறிந்தவர், கவனமாகப் பார்த்தவர். இருந்தும், தேவாலயத்தில் நடப்பது மட்டுமே மணம் என்ற அளவுகோலை அவர் கொண்டுவந்ததால் சம்பந்தம் அவருக்கு மணமின்மையாகத் தெரிந்தது. மணம் இல்லையென்றால் மனைவி இல்லை. மனைவி இல்லையென்றால், அவருடைய மொழியில் அந்தப் பெண்ணுக்கு எஞ்சியிருந்த பெயர்கள் மிகக் குறைவு.

போர்த்துகீசியரின் இன்னொரு சொல் இந்தச் சரிவை நம் கண்முன்னே காட்டுகிறது. ஆடுதல் என்ற வினையிலிருந்து வந்த 'பைலதேய்ரா' ஆட்டக்காரியைக் குறித்தது. கோவாவின் கிராம வழக்கங்களைத் தொகுத்த 1526ஆம் ஆண்டு ஆவணத்தில், ஊருக்கு வரும் ஆட்டக்காரர்களும் ஆட்டக்காரிகளும் முதலில் ஊர்த் தலைவர் வீட்டில் ஆட வேண்டும் என்ற விதி இடம்பெறுகிறது. ஆணும் பெண்ணும் அங்கே ஒரே தொழிலின் இரு பால்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் எழுதிய பயண நூலில் அதே சொல் விலைமகள் என்ற விளக்கத்தோடு வருகிறது. பின்னர் அது 'பயாதேர்' என்று பிரெஞ்சு உருப்பெற்று ஐரோப்பிய மேடைகளில் கீழைத்தேய மயக்கத்தின் அடையாளமாயிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் இந்தியப் பெண்களின் தொழில் தலைகீழாகிவிடவில்லை. சொல்லை ஆண்டவர்களின் பார்வைதான் இடம் மாறியது.

5. மணிப்பிரவாளத்தின் சான்றும் அதன் எல்லையும்

கேரளத்தில் 'கோர்ட்டிசான்' மரபு செழித்திருந்தது என்போர் முதன்மையாகக் காட்டுவது மணிப்பிரவாள நூல்களை. அவற்றுள் வைசிகதந்திரம் நேரடியானது: தாய் ஒருத்தி தன் மகள் அனங்கசேனைக்குப் பொருளீட்டும் கலையைப் போதிக்கிறாள். அச்சி சரிதங்கள் எனப்படும் உண்ணியச்சி, உண்ணிச்சிருதேவி, உண்ணியாடி சரிதங்கள் பெண்ணின் அழகையும் அவள் வாசலில் காத்திருக்கும் செல்வரையும் வழிநெடுக உள்ள அங்காடிகளையும் வருணிக்கின்றன. சந்திரோற்சவத்தின் தலைவி மேதினிவெண்ணிலாவின் ஊராகிய சிற்றிலப்பிள்ளி, பின்னாளைய கொச்சி அரசின் பகுதியான திருச்சூருக்கு அருகில் இருக்கிறது.

இந்நூல்களை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒரேயடியாக நம்பிவிடவும் முடியாது. வைசிகதந்திரத்துக்குப் பின்னால் நீண்ட வடமொழி மரபு இருக்கிறது. காமசூத்திரத்தின் ஆறாம் பகுதி, காஷ்மீரத்துத் தாமோதரகுப்தரின் குட்டனீமதம், க்ஷேமேந்திரரின் சமயமாத்ருகா ஆகியவற்றின் வழியில் எழுந்த நூல் அது. தாய் மகளுக்குப் போதிப்பது அந்த இலக்கிய வகையின் இலக்கணம். அதிலிருந்து ஒரு நாட்டுப் பெண்களின் வாழ்க்கையை அப்படியே வரைந்துவிட இயலாது. சந்திரோற்சவத்தையோ மணிப்பிரவாளக் கவிகளைப் பகடி செய்யும் நூலாகவே வாசித்த அறிஞர்கள் உண்டு. உண்ணுநீலி சந்தேசத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. கடுத்துருத்தியில் பிரிந்திருக்கும் உண்ணுநீலிக்குத் தலைவன் தூது விடுகிறான். இருவரும் இல்லறத் துணைவராகவே பேசப்படுகிறார்கள். அவளைத் தேவதாசி என்போரும் உண்டு, உயர்குடிப் பெண் என்போரும் உண்டு. ஒரே பனுவலின் ஒரே பெண்ணை இரு எதிர் நிலைகளில் வைக்க முடிகிறதென்றால், தடுமாற்றம் அவளிடத்தில் இல்லை, நாம் கொண்டு சென்ற வகைப்பாட்டில் இருக்கிறது என்று ஐயுற வேண்டும்.

6. சொல் சட்டமானபோது

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு 19ஆம் நூற்றாண்டின் சட்ட வரலாறு விடை சொல்கிறது. பிரிட்டிஷ் மலபாரின் நீதிமன்றங்கள் சம்பந்தத்தைச் சட்டப்படியான மணமாக ஏற்கவில்லை. பல தலைமுறைகளாகச் சடங்கோடும் ஊரறியவும் நடந்துவந்த உறவு ஒரே தீர்ப்பில் வைப்பு உறவாயிற்று. 1890இல் சி. சங்கரன் நாயர் சென்னைச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்; அதன்மேல் டி. முத்துசாமி ஐயர் தலைமையில் 1891இல் மலபார் திருமண ஆணையம் அமைந்தது. உறுப்பினர்களுள் ஒருவர் 'இந்துலேகா' நாவலை எழுதிய ஓ. சந்து மேனன். சம்பந்தம் ஏற்கெனவே மணம்தான், அதை மணமாக்க ஒரு சட்டம் வேண்டுவதில்லை என்று அவர் பெரும்பான்மைக் கருத்திலிருந்து விலகி நின்றார். 1896இல் சட்டம் வந்தும் மிகச் சிலரே தம் உறவைப் பதிவு செய்தார்கள். தங்கள் உறவுக்குப் புதிதாகச் சான்றிதழ் வாங்குவது, அதுவரை அது மணமாக இருக்கவில்லை என்று தாங்களே ஒப்புக்கொள்வதாகும் என்ற உணர்வு அந்தத் தயக்கத்தில் இருந்தது.

கொச்சி அரசு 1920இல் நாயர் சட்டத்தின் மூலம் சம்பந்தத்தை மணமாக ஏற்றது. அப்போது ஆண்டவர் ராமவர்மா (ஆட்சி 1914–1932). அவருடைய நேத்தியாரம்மா பாறுக்குட்டி அம்மை அரசு நிர்வாகத்தில் செலுத்திய செல்வாக்கு கொச்சி வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. அரசுக் காரியம் பார்த்த அந்த அம்மையை ஐரோப்பிய வகைப்பாட்டில் எங்கே வைப்பது? ராணி அல்லர் என்பதால் 'கோர்ட்டிசான்' ஆகிவிடுவாரா? கேள்வியைக் கேட்டவுடனேயே அந்தச் சொல்லின் போதாமை தெரிந்துவிடுகிறது. அரங்கக் கலையும் இதற்கு விலை கொடுத்திருக்கிறது. கொச்சி அரசுப் பகுதியில் கவி வள்ளத்தோளும் முகுந்தராஜாவும் 1930இல் கேரள கலாமண்டலத்தைத் தொடங்கினார்கள். கல்யாணி அம்மாவைக் கொண்டு மோகினியாட்டம் கற்பிக்க முயன்றபோது மாணவியர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆட்டத்தின்மேல் படிந்த பெயருக்கு அஞ்சிக் குடும்பங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின.

7. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு: பொருள் பெற்றுப் பழகிய பெண்கள் கேரளத்தில் இருந்ததையே இந்த வாதம் மறைத்துவிடாதா? மறைக்காது. அத்தகைய பெண்கள் இருந்தார்கள். வைசிகதந்திரத்தைக் கேட்டுச் சுவைத்த சமூகம் அவர்களை அறிந்தே இருக்கும். ஒரு பெண்ணை அந்த வகையில் வைப்பதற்கு முன் அவளுடைய வருவாய், வீடு, வாரிசு பற்றிய சான்று வேண்டும் என்பதே இங்கே கோரிக்கை. பல ஆண்களின் புகழ்ச்சிக்கு இலக்கானாள் என்பது மட்டும் சான்றாகாது. அது கவியின் சான்று.

இரண்டாம் மறுப்பு ஆய்வுலகிலிருந்து வருவது. தேவதாசி என்ற சொல் கோயிலை மட்டுமே முன்னிறுத்தி, இல்லங்களிலும் அவைகளிலும் ஆடிப் பாடிய பெண்களின் வாழ்வை மறைக்கிறது. ஆகவே 'கோர்ட்டிசான்' என்பதே நேர்மையான சொல் என்று சிலர் கருதுகிறார்கள். தென்னிந்திய ஆடல் மகளிர் பற்றி 2012இல் வெளியான தவேஷ் சோனேஜியின் நூல் அந்தச் சொல்லைக் கருதியே கையாள்கிறது. தஞ்சை மராட்டியர் அவையையும் ஆந்திரக் கலாவந்துலு இல்லங்களையும் பொறுத்தவரை அதற்கு நியாயம் உண்டு. அங்கே அவை இருந்தது, மணவுறவுக்கு வெளியே வைக்கப்பட்ட கலைக்குடி இருந்தது, அவற்றுக்கு ஆவணமும் இருக்கிறது. கொச்சியில் மணம் என்பதன் எல்லையே வேறு. தஞ்சையில் செல்லும் சொல் மலையைத் தாண்டினாலும் செல்லும் என்று கொள்வதற்கில்லை.

மூன்றாவது மறுப்பே கனமானது. சம்பந்தத்தை மணம் என்று நிலைநாட்டும் ஆர்வத்தில், நம்பூதிரிப் பிராமணருக்கும் அரசருக்கும் நாயர் இல்லங்கள் கட்டுப்பட்டிருந்த சாதி அதிகாரத்தைப் பூசி மெழுகுகிறோமா? இந்த ஐயத்துக்கு நாம் செவிசாய்த்தே ஆக வேண்டும். நம்பூதிரித் தந்தை தன் நாயர்ப் பிள்ளைகளின் பராமரிப்புக்குக் கடமைப்பட்டவராக இருக்கவில்லை. இல்லத்தில் அவர்களோடு சமமாக உண்டதும் இல்லை. இளங்குளம் குஞ்ஞன்பிள்ளை போன்ற வரலாற்றாசிரியர்கள் தேவதாசி முறையின் வீழ்ச்சியையும் பிராமண ஆதிக்கத்தையும் இணைத்தே பேசினார்கள். ஆனால் 'கோர்ட்டிசான்' என்ற சொல் அந்த அநீதியை வெளிக்கொணரவில்லை. ஆணின் அதிகாரத்தைப் பெண்ணின் குணமாக மாற்றிக் காட்டுவதே அந்தச் சொல் செய்யும் வேலை. சாதியின் பெயராலும் நிலவுரிமையின் பெயராலும் நடந்ததை அந்தப் பெயர்களாலேயே சொல்ல வேண்டும். தமிழகத்தில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி ரெட்டியும் போராடியது பெண்களைக் கட்டிப்போட்ட முறைக்கு எதிராக. அந்தப் போராட்டத்தை மதிப்பவர்கள் பெண்களின்மீது பழியை ஏற்றும் சொல்லைச் சுமந்துதிரிய வேண்டியதில்லை.

8. முடிவு

'கோர்ட்டிசான்' ஒரு குறிப்பிட்ட அவையில், குறிப்பிட்ட நூற்றாண்டில், மனைவியர் இல்லாத ஆண்களின் நடுவே பிறந்த சொல். இடத்தின் பெயராகத் தொடங்கி ஒழுக்கத் தீர்ப்பாக முடிந்தது. அதே சரிவு தேவரடியாருக்கும் கணிகைக்கும் பைலதேய்ராவுக்கும் நேர்ந்திருப்பதால், சரிந்தது அந்தப் பெண்களின் ஒழுக்கம் என்ற விளக்கம் செல்லாது. கோயிலிலும் அவையிலும் அவர்களுக்கிருந்த பதவியும் பங்கும் பறிபோன பிறகு, பெயர் மட்டும் வசையாக எஞ்சியது. கொச்சியின் தாய்வழி அமைப்பில் அந்தச் சொல்லுக்கு நேரான பெண் இல்லை. அம்மத் தம்புரான், நேத்தியாரம்மா, தேவிடிச்சி, நங்கையார், அச்சி என்று அவரவர் உரிமைக்கும் பணிக்கும் ஏற்ற பெயர்கள் அங்கே இருந்தன.

ஆகவே கேரளப் பனுவல்களைத் தமிழாக்குவோரிடமும் பதிப்பிப்போரிடமும் ஒரு வேண்டுகோள். மூலத்தில் உள்ள பெயரை மூலத்தில் உள்ளபடியே தாருங்கள். அந்தப் பெண் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், எதனால் வாழ்ந்தார், அவர் சொத்து யாருக்குப் போயிற்று என்பதை அறிந்த அளவில் குறிப்பாக எழுதுங்கள். அதற்குச் சான்று கிடைக்காத இடத்தில் தாசி என்றோ கணிகை என்றோ ஒரு சொல்லைப் போட்டு நிரப்பாதீர்கள். சான்றில்லாமல் சூட்டும் பெயர் மொழிபெயர்ப்பு ஆகாது. இறந்துபோன பெண்மீது மீண்டும் எழுதும் தீர்ப்பாகும்.